போர்டுவாக் என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

கடற்கரை மணலில் கால் புதையாமல் நடப்பதற்காக மரப்பலகைகளை வரிசையாக அடித்து அமைத்த பாதையை அமெரிக்க ஆங்கிலத்தில் 'போர்டுவாக்' என்கிறார்கள். அகராதிக்கு இவ்வளவு பொருள் போதும். ஆனால் நியூ ஜெர்சி மாநிலத்திலுள்ள அட்லாண்டிக் சிட்டியின் பழைய நாட்களைப் பற்றிய ஒரு பக்கத்தைத் தமிழாக்க உட்கார்ந்தால், முதல் பத்தியிலேயே அந்தப் பொருள் போதாமல் போய்விடுகிறது. அங்கே இந்தச் சொல் பாதையைக் குறிப்பதோடு நிற்காமல், பாதையை ஒட்டிக் கடலைப் பார்த்து நின்று பின்னர் இடிக்கப்பட்டுவிட்ட மாளிகை போன்ற விடுதிகளையும், மாலை நேரத்தில் நல்ல உடை உடுத்தி அதில் உலாவிய கூட்டத்தையும், அந்தக் காலத்தை எண்ணி ஏங்கும் மனநிலையையும் சேர்த்துச் சுமக்கிறது. ஆகவே தமிழ்ச்சொல் தேடுவதற்கு முன் இது எங்கே முளைத்தது, எப்படிப் பருத்தது என்பதைப் பார்த்துவிட வேண்டும்.

'போர்டு' என்பதன் அடிப்படைப் பொருள் பலகை. பழைய ஆங்கிலத்திலேயே அது பலகையையும், பலகையால் ஆன மேசையையும் குறித்தது; பின்னர் மேசையில் பரிமாறப்படும் உணவுக்கும் அதுவே பெயரானது. சாப்பாட்டோடு தங்க இடம் தரும் வீட்டுக்கு 'போர்டிங் ஹவுஸ்' என்று பெயர் வந்ததும், நம்மூர்ப் பேருந்து நிலையங்களுக்கு எதிரே 'போர்டிங் அண்டு லாட்ஜிங்' என்று எழுதித் தொங்குவதும் இந்த வழியில்தான். லாட்ஜிங் என்றால் தங்கல், போர்டிங் என்றால் சாப்பாடு. சாப்பாடே போடாத இடங்களும் இரண்டையும் எழுதி வைத்திருப்பது தனிக்கதை. அட்லாண்டிக் சிட்டியிலும் இத்தகைய சாப்பாட்டு விடுதிகள் ஏராளமாக இருந்தன. ஆக, அந்த ஊரில் உண்ணும் இடமும் உலாவும் இடமும் ஒரே பலகையிலிருந்து பெயர் பெற்றவை.

'வாக்' என்பதன் கதை இன்னும் வியப்பானது. அதன் பழைய ஆங்கில மூலத்துக்கு உருளுதல், புரளுதல் என்று பொருள்; காலால் நடத்தல் என்ற பொருள் பிற்காலத்தில் ஏறியது; நடக்கும் இடத்தைக் குறிக்கும் பெயர்ச்சொல்லாக அது மாறியது அதற்கும் பின்னர். நாம் 'காலையில் வாக்கிங் போகிறேன்' என்று சொல்லும்போது அதில் இருப்பது செயல். போர்டுவாக்கில் இருப்பது இடம். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் 'பலகை நடை' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், கயிற்றின் மேல் நடப்பதைப் போல ஏதோ ஒரு வித்தை என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார்.

சொல்லைப் புகழ்பெறச் செய்தது ஓர் ஊர். ஊரைத் தோற்றுவித்தது ஓர் இருப்புப்பாதை. அட்லாண்டிக் சிட்டி இன்று இருக்கும் அப்சீகன் தீவின் மணல்மேட்டில் உடல்நலத்துக்குக் கடற்காற்று வாங்கும் நகரம் ஒன்றை அமைக்கலாம் என்று ஜோனதன் பிட்னி என்ற மருத்துவர் விடாது வற்புறுத்தியதன் பயனாக, 1854ஆம் ஆண்டு ஜூலையில் காம்டன் பக்கமிருந்து முதல் ரயில் அங்கே வந்து நின்றது. ஆற்றுக்கு அக்கரையிலுள்ள பிலடெல்பியாவின் வெயிலில் வெந்துகொண்டிருந்த மக்கள் அதன்பிறகு கூட்டங்கூட்டமாக வரத் தொடங்கினார்கள். வந்தவர்கள் கடலாடிவிட்டுத் திரும்பும்போது மணலையும் கூடவே கொண்டுவந்தார்கள். காலணியிலும் பாவாடை ஓரத்திலும் ஒட்டிய மணல் விடுதியின் கம்பளத்திலும், ரயில் பெட்டியின் மெத்தை இருக்கைகளிலும் உதிர்ந்தது. தினமும் அதைக் கூட்டிக் கூட்டிச் சலித்த இருவர், ரயில் நடத்துநரான அலெக்சாண்டர் போர்டுமேனும் விடுதி உரிமையாளரான ஜேக்கப் கைமும், கரையோரம் பலகை போட்டு ஒரு பாதை அமைக்கும்படி நகர மன்றத்திடம் மனுக் கொடுத்தார்கள். 1870 ஜூன் 26 அன்று பாதை திறக்கப்பட்டது.

அந்த முதல் பாதையைப் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். அகலம் 8 அடி; மணலிலிருந்து உயரம் ஒன்றரை அடி; கைப்பிடிச் சுவரோ விளக்கோ இல்லை. 12 அடி நீளத் துண்டுகளாகச் செய்து, கோடை முடிந்ததும் கழற்றி அடுக்கிவைத்துவிட்டு, அடுத்த ஆண்டு மீண்டும் விரித்தார்கள். நம்மூரில் மழைக்காலத்தில் சேற்றைக் கடக்க வாசலில் பலகை போடுவதில்லையா, ஏறத்தாழ அதே அறிவுதான். பலகைக்கும் பலகைக்கும் இடையே விடப்பட்ட இடைவெளிதான் அதன் சூட்சுமம்: நடக்க நடக்கக் காலிலுள்ள மணல் அந்தச் சந்து வழியே கீழே விழுந்துவிடும். பிற்காலத்தில் பாதை அகன்று, பலகைகளை நேராகப் போடாமல் மீன்முள் போல இருபுறமும் சாய்த்து அடிக்கத் தொடங்கிய பிறகும் சந்து மட்டும் மாறவில்லை.

போர்டுமேன் என்பவர் கேட்டு வந்த பாதை என்பதால் அது 'போர்டுமேன்ஸ் வாக்' என்று வழங்கி, பின்னர் 'போர்டுவாக்' என்று தேய்ந்தது என அந்த ஊரில் ஒரு கதை உண்டு. கேட்க இனிமையான கதை, ஆனால் நம்பத்தக்கதன்று. பலகைக்கும் பாதைக்கும் அன்றாடம் வழங்கிய இரண்டு சொற்கள் சேர்ந்தாலே கிடைக்கும் தொகைச்சொல்லுக்கு ஒரு மனிதரின் பெயரைத் துணைக்கு அழைக்க வேண்டியதில்லை. பலகைப் பாதைக்கு மனுப் போட்டவரின் பெயரிலேயே பலகை இருந்தது தற்செயல். பெயர்க்காரணம் சொல்வோர்க்குத் தற்செயல் ஒருபோதும் பிடிப்பதில்லை.

புயல்களும் கூட்டமும் பழைய பாதைகளை ஒவ்வொன்றாகத் தின்ன, 1896ஆம் ஆண்டு எஃகுத் தூண்களின் மேல் 40 அடி அகலத்தில் ஐந்தாவது பாதை எழுந்தது. சொல்லாய்வுக்கு முக்கியமான திருப்பமும் அதே ஆண்டில் நிகழ்ந்தது: நகர நிர்வாகம் அந்தப் பாதையை முறையான தெருவாக அறிவித்து, அதற்கு 'போர்டுவாக்' என்றே பெயரிட்டது. அதுவரை பொதுப்பெயராக இருந்த சொல் அன்று சிறப்புப்பெயர் ஆகிவிட்டது. ஆங்கிலத்தில் முதலெழுத்தைப் பெரிதாக எழுதி இந்த வேறுபாட்டைக் காட்டிவிடலாம். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து கிடையாது என்பதால் மொழிபெயர்ப்பாளர்தான் இரண்டையும் வேறு வழியில் பிரித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. 1935ஆம் ஆண்டு பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் அட்லாண்டிக் சிட்டியின் தெருப்பெயர்களோடு வெளியிட்ட 'மோனோபொலி' ஆட்டத்தில் 400 டாலருக்கு விற்கும் மிக விலை உயர்ந்த கட்டம் 'போர்டுவாக்' என்பதை அந்த ஆட்டம் ஆடியவர்கள் அறிவார்கள். அதைப் 'பலகைப்பாதை' என்று பெயர்ப்பது, அண்ணா சாலையை 'எல்டர் பிரதர் ரோடு' என்று ஆங்கிலத்தில் எழுதுவதற்கு நிகர்.

அந்தக் கட்டத்துக்கு ஏன் அவ்வளவு விலை என்பது, பாதையோரம் எழுந்த விடுதிகளைப் பார்த்தால் விளங்கும். குவேக்கர் சமயத்தைச் சேர்ந்த வைட் குடும்பத்தார் 1902இல் 'மார்ல்பரோ' விடுதியையும், 1906இல் அதன் அருகே 'பிளென்ஹைம்' விடுதியையும் எழுப்பினார்கள். எளிமையை வலியுறுத்தும் சமயத்தார் ஆங்கிலேயப் பிரபுக்களின் மாளிகைப் பெயர்களைச் சூட்டியது ஒரு வேடிக்கை என்றால், அந்தப் பிளென்ஹைம் அரண்மனையே ஜெர்மனியில் 1704இல் போர் நடந்த ஒரு சிற்றூரின் பெயரைச் சுமந்து நின்றது இன்னொரு வேடிக்கை. பிளென்ஹைம் விடுதி கம்பி கட்டிய காங்கிரீட்டில் பெரிய அளவில் கட்டப்பட்ட உலகின் தொடக்ககாலக் கட்டடங்களுள் ஒன்று. அதே கட்டடக்கலைஞர்களான பிரைஸ், மெக்லனகன் இருவரும் பெருக்கிக் கட்டிய 'டிரேமோர்' விடுதி, மஞ்சள் ஓடு பதித்த குவிமாடங்களோடு கடலில் வரும் கப்பலுக்கே அடையாளம் காட்டும் உயரத்தில் நின்றது. இத்தகைய விடுதிகளில் குளியல் தொட்டிக்கு நான்கு குழாய்கள் இருக்கும்: நல்ல தண்ணீரில் சுடுநீரும் குளிர்நீரும், கடல்நீரில் சுடுநீரும் குளிர்நீரும். கடலாட வந்தவர் கடலுக்கே போகாமல், அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு கடலாடலாம். அந்தக் காலத்தின் ஆடம்பரத்தை அந்த நான்கு குழாய்களைப் போல எதுவும் எனக்குக் காட்டியதில்லை.

பாதையின் மேல் பிரம்பால் பின்னிய சக்கர இருக்கைகள் ஓடின. முதலில் நோயாளிகளுக்கென்று வந்தவை, சில ஆண்டுகளிலேயே நடக்க முடிந்தவர்களும் நடக்க விரும்பாமல் ஏறும் ஊர்தியாகிவிட்டன. இவற்றைத் தமிழில் 'சக்கர நாற்காலி' என்று எழுதினால் பொருள் பிறழும், ஏனெனில் அந்தப் பெயரை மருத்துவமனை வண்டி எடுத்துக்கொண்டது. தள்ளுவண்டியை ஒட்டித் 'தள்ளு நாற்காலி' என்பதே பொருந்தும். தள்ளியவர்கள் பெரும்பாலும் கறுப்பினத் தொழிலாளர்கள். விடுதிகளில் சமைத்ததும் பரிமாறியதும் பெட்டி சுமந்ததும் அவர்களே. ஆனால் அந்த விடுதிகளில் அவர்கள் தங்க முடியாது, கடலாடவும் மிசௌரி அவென்யூவுக்கு நேரே 'சிக்கன் போன் பீச்' என்று பெயர் விழுந்த தனிக்கரைதான். போர்டுவாக்கின் பொற்காலத்தைப் பற்றிய நினைவுக்குறிப்புகளில் நாற்காலியில் அமர்ந்தவரின் நினைவே மிகுதி, தள்ளியவரின் நினைவு குறைவு என்பதைச் சொல் விளக்கத்திலும் குறித்துவைக்க வேண்டும்.

அந்தப் பொற்காலம் 1920களில் உச்சம் தொட்டது. 'மிஸ் அமெரிக்கா' அழகிப் போட்டி 1921இல் அங்கே தொடங்கியது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட குழல்களைக் கொண்ட ஆர்கன் இசைக்கருவிக்குப் பிற்பாடு இடம் தந்த மாபெரும் மாநாட்டு மண்டபம் 1929இல் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் விமானப்படை விடுதிகளையெல்லாம் எடுத்துக்கொண்டு பயிற்சி முகாமாக்கியபோது ஊருக்கு 'கேம்ப் போர்டுவாக்' என்றே பெயர் வழங்கியது. போருக்குப் பின் கார்களும், புளோரிடாவுக்குப் பறக்கும் விமானங்களும், வீட்டுக்கே வந்துவிட்ட குளிர்சாதனமும் விருந்தினரைப் பிரித்துக்கொண்டன. 1964ஆம் ஆண்டு ஜனநாயகக் கட்சியின் மாநாட்டுக்காக வந்திறங்கிய பத்திரிகையாளர்கள் மங்கிப்போன அறைகளையும் வேலை செய்யாத வசதிகளையும் நாடு முழுவதும் எழுதித் தீர்த்தார்கள். 1972இல் டிரேமோர் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. சூதாட்டத்துக்கு 1976இல் வாக்காளர்கள் ஒப்புதல் தர, 1978 மே 26 அன்று பழைய 'ஹாடன் ஹால்' விடுதியில் முதல் கேசினோ திறந்தது. அதே ஆண்டிலும் அடுத்த ஆண்டிலுமாக மார்ல்பரோவும் பிளென்ஹைமும் கேசினோவுக்கு இடம் விட்டுச் சரிந்தன. விடுதிகளை மீட்க வந்ததாகச் சொல்லப்பட்ட தொழிலே விடுதிகளை இடித்தது.

இனித் தமிழுக்கு வருவோம். 'கடற்கரை நடைபாதை' என்றால் மெரினாவின் சிமெண்டுப் பாதைதான் கண்முன் வரும். மரம் காணாமல் போய்விடும். 'மர நடைமேடை' என்றால், நடைமேடை என்ற சொல்லை ரயில் நிலையம் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டதால், 'இரண்டாம் நடைமேடையிலிருந்து புறப்படும்' என்ற அறிவிப்பு காதில் விழும். சென்னை மெரினாவில் மாற்றுத்திறனாளிகள் கடலருகே செல்வதற்காக 2022ஆம் ஆண்டு இறுதியில் மரத்தாலான பாதை அமைத்தபோது, செய்திகளில் 'மரப்பாதை' என்ற சொல் வழங்கியது. சுருக்கமான சொல்தான், ஆனால் தமிழில் மரம் என்பது நிற்கும் மரத்தையும் அறுத்த மரத்தையும் ஒருசேரக் குறிப்பதால், இருபுறமும் மரங்கள் அடர்ந்த பாதை என்றும் படிக்க இடமிருக்கிறது. (திறந்த சில நாட்களிலேயே மாண்டஸ் புயல் அந்தப் பாதையைச் சேதப்படுத்தியது. மரத்தைக் கடலருகே கொண்டுபோனால் என்ன ஆகும் என்பதை அட்லாண்டிக் சிட்டி 1889லும் 1944லும் கண்டிருந்தது.)

எஞ்சுவது 'பலகைப்பாதை'. இதில் ஐயத்துக்கு இடமில்லை: பலகை அறுத்த மரத்தை மட்டுமே காட்டும், பாதை இடத்தை மட்டுமே காட்டும். ஆங்கிலத்தில் 'போர்டு' விரிந்த வழிகளிலெல்லாம் நம் பலகையும் ஏற்கெனவே சென்றிருக்கிறது. கரும்பலகை, பெயர்ப்பலகை, அறிவிப்புப் பலகை என்று நாம் பேசாத நாளில்லை. கடலில் குளித்து மகிழ்வதற்கு நமக்குச் சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையிலிருந்தே 'கடலாடுதல்' என்ற சொல் இருப்பதால், அட்லாண்டிக் சிட்டி போன்ற ஊர்களைக் 'கடலாட்டு நகரம்' என்றும் தயங்காமல் எழுதலாம். 'ரிசார்ட்' என்று எழுதினால் இன்றைய வாசகருக்கு மதில் சூழ்ந்த, நீச்சல்குளம் வைத்த ஒரே ஒரு விடுதிதான் தோன்றும். அது ஒரு முழு ஊரைக் குறிக்கப் போதாது.

ஏக்கத்தைக் குறிக்கும் பகுதி தனி. 'போர்டுவாக் நாட்கள்' என்று அமெரிக்கர் எழுதும்போது, இழந்ததை மனத்தால் மீண்டும் அனுபவிக்கும் நிலை அதில் இருக்கிறது. 'பழைய நினைவுகள்' என்று பெயர்த்தால் சப்பென்று போகும். ஈழத்து எழுத்தில் வழங்கும் 'நனவிடை தோய்தல்' இதற்கு மிக நெருங்கி வருகிறது. தோய்தல் நீரில் ஆழ்ந்து குளிப்பதற்கும் உரிய வினை என்பதால், கடலாட்டு நகரம் ஒன்றைப் பற்றிய ஏக்கத்துக்கு அது கூடுதலாகவே பொருந்துகிறது.

நடைமுறையில் நான் கடைப்பிடிக்கும் விதி இது. எந்த ஊரிலும் காணக்கூடிய பொருளைச் சொல்லும்போது 'பலகைப்பாதை'. அட்லாண்டிக் சிட்டியின் அந்த ஒரே தெருவைச் சொல்லும்போது 'போர்டுவாக்', மெரினாவை நாம் மெரினா என்றே விட்டுவைத்ததைப் போல. 2012ஆம் ஆண்டு சாண்டி புயலின்போது போர்டுவாக் அழிந்துவிட்டது என்று செய்தி பரவியது. உண்மையில் அடித்துச் செல்லப்பட்டது ஊரின் வடகோடியில், ஏற்கெனவே பழுதடைந்து கிடந்த ஒரு பகுதி. தமிழில் அதை இப்படி எழுதுவேன்: 'வடகோடியில் பலகைப்பாதை கொஞ்சம் உடைந்தது, போர்டுவாக் அப்படியே இருக்கிறது.'