வினிகர் வாடை வீசும் படச் சுருள்

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து வாசகி ஒருவர் இரண்டு ஐயங்களை எழுதி அனுப்பியிருக்கிறார். போர்க்காலத்தில் தலைமறைவாக வாழ்ந்த லோட்டே ஐஸ்னர், கோட்டைக்குள் பத்திரமாக ஒளித்து வைக்கப்பட்டிருந்த படச் சுருள்களின் டப்பாக்களை எதற்காகத் திறந்து திறந்து பார்த்தார் என்பது முதலாவது. தாத்தா நடத்திய டூரிங் டாக்கீஸின் மிச்சமாகத் தம் வீட்டுப் பரணில் கிடக்கும் டப்பாவில் வினிகர் வாடை வீசுவது ஏன் என்பது இரண்டாவது. இரண்டுக்கும் விடை ஒன்றுதான்.

ஐஸ்னர் 1896இல் பெர்லினில் பிறந்த யூதர், திரைப்பட விமர்சகர். ஹிட்லர் ஆட்சியைப் பிடித்த 1933இல் பாரிசுக்குத் தப்பிச் சென்று, ஆன்றி லாங்லுவாவின் திரைப்பட ஆவணக் காப்பகத்தோடு இணைந்தார். 1940இல், அதாவது ஹிட்லரை எதிர்த்த பிரெஞ்சுத் தளபதி டி கோலின் பக்கம் நம் புதுச்சேரி நின்ற அதே ஆண்டில், கூர்ஸ் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டார். அங்கிருந்து தப்பிய பின், லூயிஸ் எஸ்கோஃபியே என்ற பொய்ப் பெயரில் வாழ்ந்தபடியே, பேடுயே கோட்டையில் லாங்லுவா மறைத்து வைத்திருந்த சுருள்களைச் சரிபார்த்தார். போருக்குப் பின் முப்பது ஆண்டுகள் அக்காப்பகத்தின் தலைமைக் காப்பாளராக இருந்து, தம்மைத் துரத்திய நாட்டின் மௌனப் படங்களையும், அவற்றின் திரைக்கதைப் பிரதிகளையும், அரங்க ஓவியங்களையும் தேடிச் சேர்த்தவர் அவர்.

அக்காலச் சுருள்கள் பெரும்பாலும் நைட்ரேட்டால் ஆனவை. 1950ஐ ஒட்டி அந்த இடத்தை அசிட்டேட் பிடித்தது. இரண்டுக்கும் மூலப்பொருள் பஞ்சில் உள்ள செல்லுலோஸ்தான். அதன் நீண்ட சங்கிலியில் நைட்ரிக் அமிலத்தைக் கோத்தால் நைட்ரேட், அசிட்டிக் அமிலத்தைக் கோத்தால் அசிட்டேட். கோத்த அமிலம் காலப்போக்கில் கழன்று வருவதுதான் சிக்கல். அசிட்டிக் அமிலத்தின் நீர்க்கரைசலைத்தான் வினிகர் என்று கடையில் வாங்குகிறோம்.

அது கழலும் விதம் வியப்பானது. காற்றிலுள்ள ஈரம் சுருளுக்குள் புகுந்தாலும், நீர் மூலக்கூறால் அந்தப் பிணைப்பைத் தானாக எளிதில் அறுக்க முடிவதில்லை. அருகில் சிறிதளவு அமிலம் இருந்துவிட்டால் நிலைமை மாறிவிடுகிறது. அமிலம் தரும் புரோட்டான், பிணைப்பிலுள்ள ஆக்சிஜன் அணுவின்மேல் போய் அமர்கிறது. ஆக்சிஜன் தன் பற்றாக்குறையை ஈடுகட்ட, பக்கத்துக் கார்பனிடமிருந்து எலக்ட்ரான்களை இழுத்துக்கொள்கிறது. எலக்ட்ரான் குறைந்த அந்தக் கார்பனை நீர் மூலக்கூறு சுலபமாகத் தாக்க, அசிட்டிக் அமிலம் ஒன்று கழன்று விழுகிறது. வந்த புரோட்டானோ செலவாகாமல் அப்படியே வெளியேறி அடுத்த பிணைப்பைத் தேடிப் போகிறது. ஆக, ஒவ்வொரு வெட்டுக்கும் வெட்டுவோரின் எண்ணிக்கை கூடுகிறது. ஒரு கரண்டி உறைமோர் பானைப் பால் முழுவதையும் தயிராக்குவதைப் போலத்தான் இதுவும். வேதியியலார் இதைத் தன்வினையூக்கம் என்பர். 20 டிகிரி வெப்பமும் 50 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில் ஒரு புதிய அசிட்டேட் சுருள் இந்த வேகமெடுக்கும் கட்டத்தை அடையச் சுமார் 50 ஆண்டுகள் ஆகும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. வெப்பமோ ஈரமோ கூடினால் அந்தக் காலம் வெகுவாகச் சுருங்கும். நம் கடற்கரையிலோ இரண்டுமே கூடுதல்.

ஆகவே, வாடை என்பது நோயின் அறிகுறி மட்டுமன்று, நோயைப் பரப்புவதும் அதுவே. இறுக மூடிய டப்பாவில் ஆவி வெளியேற வழியின்றிச் சுருளையே மீண்டும் அரிக்கிறது. நைட்ரேட்டிலும் இதே கதைதான்: அதிலிருந்து வரும் நைட்ரஜன் டையாக்சைடு, ஈரத்தோடு சேர்ந்து நைட்ரிக் அமிலமாகி, படத்தை உருவாக்கும் வெள்ளியையே தின்கிறது. கெட்டுப்போன சுருளைக் கண்டுபிடித்துப் பிரித்து வைக்காவிட்டால், பக்கத்துச் சுருள்களும் போய்விடும். இதற்காகத்தான் காப்பாளர்கள் டப்பாக்களைத் திறக்கிறார்கள்.

அசிட்டேட் சுருங்கும்போது நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். 35 மி.மீ. சுருளின் ஓரத் துளைகள் சுமார் 4.75 மி.மீ. இடைவெளியில் அமைந்தவை. சுருள் ஒரு சதவீதம் சுருங்கினால், இடைவெளி ஒவ்வொன்றிலும் 0.05 மி.மீ.தான் குறையும், ஆனால் புரொஜெக்டரின் பற்சக்கரத்தில் ஒரே நேரத்தில் பல பற்கள் பிடிப்பதால், அந்தப் பிழைகள் ஒன்றுகூடித் துளைகள் கிழியத் தொடங்கும்.

இதற்கு முழு மருந்து இல்லை. குளிரும் வறட்சியும் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவே. தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' (1931) இன்று பார்க்கக் கிடைப்பதில்லை. மணிமண்டபங்களுக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு சிறு பங்கைக் கொண்டு இந்தப் பகுதியில் ஒரு குளிர்பதனக் கிடங்கு கட்டலாம் என்பது என் கருத்து. ஆனால் கடலூரும் புதுச்சேரியும் 2011இல் 'தானே' என்ற புயலுக்குப் பின் மின்சாரமின்றிக் கிடந்த ஊர்கள். ஜெனரேட்டருக்கும் டீசலுக்கும் பணம் ஒதுக்காத கிடங்கு, புயல் வந்தால் சுருள்களை வியர்க்க வைத்துவிடும்.

வாசகி இப்போது செய்யவேண்டியது இது: டப்பாவைப் பரணிலிருந்து இறக்கிக் காற்றோட்டமான இடத்தில், விளக்கும் அடுப்பும் இல்லாத தொலைவில் திறந்து, சுருளின் ஓரத்தில் 'சேஃப்டி' என்ற ஆங்கில எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் அது அசிட்டேட். மற்றச் சுருள்களிடமிருந்து தள்ளி, பிளாஸ்டிக் பையில் கட்டாமல் வையுங்கள். 'நைட்ரேட்' என்றிருந்தாலோ, சுருள் பிசுபிசுத்துப் பழுப்பேறியிருந்தாலோ, வீட்டில் வைத்திருக்க வேண்டாம். சிதைந்த நைட்ரேட் 40 டிகிரியை ஒட்டிய வெப்பத்திலேயே தானாகப் பற்றிக்கொள்ளக்கூடும், தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தன்னுள்ளேயே வைத்திருப்பதால் தண்ணீர் ஊற்றினாலும் அணையாது. தீயணைப்புத் துறைக்கும் புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கும் தகவல் சொல்லுங்கள்.