ஃபென்சிங்: வேலியா, வாளா?

வாள் பழகச் சேர்ந்திருக்கும் செய்தியைப் பெரியப்பாவிடம் சொன்னேன். "ஃபென்சிங் கத்துக்கறேன் பெரியப்பா." அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "அதை எதுக்குடா நீ கத்துக்கணும்? ஆளை விட்டா ஒரே நாள்ல கம்பி கட்டிட்டுப் போயிடுவான்" என்றார்.

அவர் மேல் தப்பில்லை. நம் பேச்சில் ஃபென்சிங் என்றால் கல்தூண் நட்டு முள்கம்பி இழுப்பதுதான். ஆனால் அந்தச் சொல்லின் வேரைத் தோண்டிப் பார்த்தபோது, பெரியப்பாவும் நானும் ஒரே சொல்லின் இரண்டு கிளைகளில் உட்கார்ந்திருந்தோம் என்று தெரிந்தது.

லத்தீனில் 'ஃபெந்தெரே' என்றால் அடித்தல், தாக்குதல். முன்னால் 'தே' சேர்த்தால் 'தேஃபெந்தெரே': வருகிற அடியை அப்பால் தள்ளுவது, அதாவது காப்பது. அதுவே பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து 'டிஃபென்ஸ்' ஆனது. பேச்சில் தலை உதிர்ந்து 'ஃபென்ஸ்' என்று நின்றது. 14ஆம் நூற்றாண்டில் அதற்குப் பொருள் வெறும் காப்பு. 15ஆம் நூற்றாண்டில் நிலத்தைக் காக்கும் வேலிக்கு அந்தப் பெயர் வந்தது. வாள் பிடிப்பதைக் குறிக்கும் வினையாக அது புழங்கத் தொடங்கியது 16ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். ஆக வேலிதான் மூத்த பிள்ளை, வாள் இளையது. பெரியப்பாவுக்கு இதைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. காரின் சக்கரத்துக்கு மேல் இருக்கும் ஃபெண்டரும் இதே வீட்டுப் பிள்ளைதான்.

பழைய ஆங்கிலேயர்கள் இந்த உறவை மறக்கவும் இல்லை. லண்டனில் வாள் கற்றுக்கொடுத்த ஆசான்களுக்கு 1540இல் எட்டாம் ஹென்றி உரிமைப் பட்டயம் கொடுத்தார். அவர்கள் தங்களை 'மாஸ்டர்ஸ் ஆஃப் டிஃபென்ஸ்' என்றே சொல்லிக்கொண்டார்கள். காப்பு ஆசான்கள். 1599இல் ஜார்ஜ் சில்வர் என்பவர் இத்தாலிய வாள்முறையைக் கிழி கிழி என்று கிழித்து ஒரு நூல் எழுதினார். அதன் தலைப்பிலும் 'டிஃபென்ஸ்'தான் இருக்கிறது.

பிரெஞ்சில் இந்தக் கலைக்கு 'எஸ்க்ரீம்', இத்தாலியத்தில் 'ஸ்கெர்மா', ஸ்பானியத்தில் 'எஸ்கிரிமா'. மூன்றும் ஒரு பழைய ஜெர்மானிய வேரிலிருந்து வந்தவை. அந்த வேருக்கும் பொருள் காத்தல், மறைத்தல். அதே வேரிலிருந்துதான் இன்றைய ஜெர்மனில் குடைக்கு 'ஷிர்ம்' என்ற பெயர் வந்தது. ஜெர்மன்காரர்கள் மட்டும் சுற்றி வளைக்காமல் 'ஃபெஷ்டன்' என்றார்கள். ஆங்கில 'ஃபைட்'டின் உடன்பிறப்பு, நேராகவே சண்டை.

சரி, தமிழில் என்ன சொல்வது?

வாய்ப்பேச்சில் நமக்கு இருப்பது கத்திச்சண்டை. பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் கதாநாயகன் படிக்கட்டில் ஏறி இறங்கிப் போடுவது அது. வெங்காயம் நறுக்குவதும் கத்தி, கோட்டையைப் பிடிப்பதும் கத்தி என்ற தாராளம் எனக்குப் பிடிக்கும். ஆனால் அது சண்டையின் பெயர், கலையின் பெயர் இல்லை. எழுத்தில் வாட்போர், வாட்சண்டை என்பவை உண்டு. செய்தித்தாள்களில் நிலைத்துவிட்டது வாள்வீச்சு. (வாள் + போர் வாட்போர் ஆகும், வாள் + சண்டை வாட்சண்டை ஆகும். வீச்சு இடையின எழுத்தில் தொடங்குவதால் ளகரம் திரியாது. 'வாட்வீச்சு' என்று எழுதிவிடாதீர்கள்.)

வாள் என்ற சொல்லுக்கே ஒரு பழைய வெளிச்சம் உண்டு. "வாள் ஒளி ஆகும்" என்கிறது தொல்காப்பிய உரியியல். மின்னுவதால் வாள். மரம் அறுக்கும் ரம்பத்தையும் வாள் என்பது உண்டு. எனவே வாள் பகுதியில் எனக்கு வழக்கில்லை. எனக்கு இடறியது வீச்சு.

ஒலிம்பிக்கில் மூன்று வாள்கள். ஃபாயில் எடை 500 கிராமுக்கு மிகக்கூடாது. தலை, கை, கால் நீங்கலாக உடற்பகுதியில் மட்டும் முனையால் குத்தலாம். எபே 770 கிராம் வரை போகலாம்; தலை முதல் கால்விரல் வரை எங்கே வேண்டுமானாலும் குத்தலாம், ஆனால் அதுவும் முனையால்தான். சேபர் ஒன்றில்தான் அலகின் ஓரத்தால் வெட்டுவது கணக்கில் வரும், அதுவும் இடுப்புக்கு மேலே. மூன்றில் இரண்டில் வீச்சுக்கு வேலையே இல்லை. ஃபாயில் பிடித்த கையால் ஒருவர் வீசி வெட்டினால் அது கணக்கில் வராது. தமிழர்களுக்கு இந்த விளையாட்டு பழக்கமானது பெரும்பாலும் பவானி தேவியால். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆடி, ஒலிம்பிக்குக்குப் போன முதல் இந்திய வாள்வீச்சு வீரர் ஆனார். அவருடைய ஆயுதம் சேபர். அதனால் தலைப்புச் செய்திகளில் வாள்வீச்சு என்று போட்டது அவர் அளவில் நூற்றுக்கு நூறு சரியாக அமைந்துவிட்டது.

நான் பழகுவது ஒலிம்பிக் வாள் இல்லை. பழைய ஐரோப்பிய நீள்வாள், இரண்டு கையாலும் பிடிப்பது. படங்களைப் பார்த்துவிட்டு இது பத்து கிலோ இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். கையில் வாங்கினால் ஒன்றரை கிலோ கூட இல்லை. பிடியின் அடியில் இருக்கும் குமிழ் எடையைக் கைப்பக்கம் இழுத்துக்கொள்வதால், அலகு நீளமாக இருந்தாலும் முனை விரல் சுட்டுவது போல எளிதாகத் திரும்புகிறது. பயிற்சி வாளுக்கு 'ஃபெடர்' என்று பெயர், ஜெர்மனில் இறகு. முனை மழுங்கியிருக்கும், குத்தினால் அலகு வளையும். ஆனால் இறகு விரலில் பட்டால் என்ன ஆகும் என்று பின்னால் சொல்கிறேன்.

முதல் மாதம் முழுக்க நிற்கக் கற்றுக்கொண்டோம். ஜெர்மன் மரபில் நான்கு நிலைகள் அடிப்படை. எருது: பிடி தலைக்குப் பக்கத்தில், முனை கொம்பு போல எதிராளி முகத்தை நோக்கி. கலப்பை: பிடி இடுப்போரம், முனை மேல்நோக்கிச் சாய்ந்து. முட்டாள்: வாளைக் கீழே தொங்கவிட்டு, வா வந்து அடி என்று அழைப்பது. அதை நம்பி அடிக்கப் போகிறவன்தான் முட்டாள் என்று பெயர்க்காரணம் சொல்லிச் சிரிப்பார்கள். நான்காவது, வாளைத் தோளுக்கு மேலே தூக்கிப் பிடிப்பது. ஏரும் எருதும் ஆயுதக் கலைக்குள் வந்ததைக் கேட்டு எனக்கு உற்சாகமாகிவிட்டது. இவற்றைத் தமிழில் சொல்ல அகராதியே வேண்டாம்: ஏர் நிலை, எருது நிலை. பொதுப்பெயராகக் காப்பு நிலை. ஃபென்ஸின் முதல் பொருள் சத்தமில்லாமல் இங்கே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இந்த மரபின் மூலவர் யோஹானஸ் லீஷ்டனாவர். அவருடைய பாடம் நமக்குக் கிடைப்பது, வெளியாருக்குப் புரியாதபடி கட்டிய பாட்டுகளாக. பின்னால் வந்தவர்கள் உரை எழுதித்தான் அவற்றை அவிழ்த்தார்கள். சித்தர் பாடல்களின் பரிபாஷையோடு வளர்ந்த நமக்கு இது புதிதில்லை. அதில் திரும்பத் திரும்ப வரும் கருத்து ஒன்று: தடுப்பது தனி வேலை, அடிப்பது தனி வேலை என்று வைத்துக்கொள்ளாதே; அடிக்கிற வாளே எதிராளியின் வாளுக்குக் குறுக்கே நிற்கவேண்டும்.

இரண்டாம் மாதம் முகக்கவசம் மாட்டி எதிரெதிரே நிறுத்தினார்கள். நான் பழைய படங்களை மனதில் வைத்துக்கொண்டு வாளைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் ஒரு பெரிய வீச்சு வீசினேன். அது பாதி வழி வருவதற்குள் எதிரே நின்ற பெண் ஓர் அடி முன்வைத்து முனையை என் மார்பில் வைத்துவிட்டாள். அலகு வில்லாக வளைந்து நிற்கிறது. என் வாள் இன்னும் ஆகாயத்தில். அடுத்த சுற்றில் ஆத்திரத்தோடு வீசினேன். அவள் வெட்டவே இல்லை; தன் வாளை என் கைகள் வரும் பாதையில் நீட்டிவைத்தாள், அவ்வளவுதான். கையுறைக்குள் கட்டைவிரல் நகம் கறுத்து, உதிர்ந்து முளைக்க மாதங்கள் ஆயின. ஆசான் வந்து பார்த்தார். "வீசாதே, மூடு" என்றார். வாள் போகிற வழியில் உன் உடம்பும் மூடியிருக்கவேண்டும் என்று பொருள்.

அன்றிலிருந்து வாள்வீச்சு என்ற சொல்லின் மேல் எனக்குக் கோபம். தமிழ்ப்பெயரே என்னைத் தப்பாக வீசச் சொன்ன மாதிரி ஒரு நினைப்பு. அப்புறம் ஒருநாள் அலைவீச்சு என்ற சொல் கண்ணில் பட்டது. குரல்வீச்சு, பார்வைவீச்சு என்கிறோமே, அங்கே யாரும் எதையும் சுழற்றுவதில்லை. எட்டும் தூரம்தான் வீச்சு. வாள்வீச்சை அப்படிப் படித்துப் பாருங்கள்: வாள் எவ்வளவு தூரம் எட்டும் என்பது. என் நகம் போனதற்குக் காரணமே அவளுடைய வாள் எட்டும் தூரத்துக்குள் என் கைகள் முதலில் நுழைந்ததுதான். சொல்லை அமைத்தவர்கள் இதை நினைத்தார்களா என்பது வேறு விஷயம். என் கோபம் பாதி இறங்கிவிட்டது.

பழந்தமிழில் வாளுக்கு எறிதல் என்று ஒரு வினை உண்டு. புறநானூற்றில் பொன்முடியார் மகனின் கடமையைச் சொல்லும்போது "களிறு எறிந்து பெயர்தல்" என்கிறார். பள்ளியில் படித்தபோது யானையைத் தூக்கி எறிவதாக நினைத்துப் பயந்திருக்கிறேன். எறிதல் என்றால் வெட்டி வீழ்த்துவது. எனக்கு அதைவிடப் பிடித்தது அடுத்த சொல், பெயர்தல். யானையை வெட்டினால் மட்டும் போதாது, திரும்பி வரவும் வேண்டும். வெட்டிய பின் காப்போடு வெளியேறுவதற்குப் பயிற்சியில் பாதி நேரம் போகிறது.

தமிழ்ப் பெயர் தேடும்போது எனக்கு அதிகம் மகிழ்ச்சி கொடுத்தது ரேப்பியர். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய கனவான்கள் இடுப்பில் தொங்கவிட்ட, குத்துவதற்கென்றே ஆன மெல்லிய நீண்ட வாள். பார்க்க ஊசி மாதிரி இருந்தாலும் எடை கிட்டத்தட்ட நீள்வாளுக்கு ஈடாக, அதுவும் ஒற்றைக் கையில். பத்து நிமிடம் நீட்டிப் பிடித்தால் தோள் கழன்றுவிடும் போலிருக்கும். ஸ்பானியத்தில் 'எஸ்பாதா ரொபேரா' என்று ஒரு பெயர் உண்டு. ரோப்பா என்றால் உடை. போர்க்களத்துக்கு இல்லாமல் அன்றாட உடையோடு அணியும் வாள். ரேப்பியர் என்ற பெயரே இதிலிருந்து வந்தது என்பவர்கள் உண்டு. உடையோடு அணியும் வாளுக்கு நம்மிடம் ஏற்கெனவே பெயர் இருக்கிறது: உடைவாள். அரசகதை படித்து வளர்ந்த யாருக்கும் தெரிந்த சொல். ரேப்பியருக்கு இனி வேறு சொல் தேடமாட்டேன்.

நடுவே ஒரு சின்னக் கேடயம். 'பக்ளர்' என்பார்கள், கிட்டத்தட்ட சாப்பாட்டுத் தட்டு அளவுதான் இருக்கும். நமக்குக் கிடைத்திருக்கும் ஐரோப்பிய வாள்நூல்களில் மிகப் பழையது, 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது, வாளும் இந்தச் சிறுகேடயமும் பற்றியதுதான். லீட்ஸ் நகரின் ராயல் ஆர்மரிஸ் காட்சியகத்தில் இருக்கிறது, 'ஐ.33' என்று அழைக்கிறார்கள். கற்றுக்கொடுப்பவர் ஒரு பாதிரியார். கடைசிப் பக்கங்களில் வால்புர்கிஸ் என்ற பெண் வாளோடு நிற்கிறாள். என் நகத்தை உதிர்த்தவளுக்கு இந்தப் பக்கம்தான் கைப்பேசியின் முகப்புப் படம்.

என் கணக்கு இதுதான்: விளையாட்டுக்கு வாள்வீச்சு நிலைத்துவிட்டது, அதைக் கலைக்கவேண்டாம். பழைய கலைக்கு வாள்வித்தை. ரேப்பியருக்கு உடைவாள். பழகுவதற்கு? பயிற்சி என்றால் போதும்தான். ஆனால் அகராதியில் ஒரு சொல் மாட்டியது. சிரமம். "சிரமத்துக்கு மன்னிக்கவும்" என்று எழுதுகிறோமே, அதே சிரமம். வடமொழி 'ஸ்ரம'த்துக்கு உழைப்பு, களைப்பு என்ற பொருள்களோடு படைப் பயிற்சி என்ற பொருளும் உண்டு. அது தமிழுக்கு வந்தபோது அந்தப் பொருளையும் கொண்டுவந்தது. பழைய அகராதிகளில் சிரமம் என்றால் ஆயுதப் பயிற்சி. சிரமச்சாலை என்றால் அதைப் பழகும் இடம். காலப்போக்கில் நாம் ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டுக் களைப்பை மட்டும் வைத்துக்கொண்டோம்.

இதைக் கூடப் பழகும் இரண்டு தமிழர்களிடம் சொன்னேன். இப்போது எங்கள் வாட்ஸ்அப்பில் சனிக்கிழமை காலையில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "இன்னிக்கு சிரமம் உண்டா?" "உண்டு, ஆறு மணிக்கு" என்று பதில் வரும்.