முட்டையில ஒட்டினா படம் ஏன் சுருங்குது? கொம்பியூட்டர்ல கீறி ஒட்டுற வழி

உயிர்த்த ஞாயிறுக்கு முதல் கிழமை குருநகர்ல பெரியம்மா வீட்ட நிண்டனான். அக்காவின்ர மகள் தான் கொம்பியூட்டர்ல கீறின கோலத்தை வடிவா பிறிண்ட் எடுத்துக்கொண்டு வந்து "மாமா இதை முட்டையில சுத்தி ஒட்டித்தாங்கோ" எண்டாள். ஒட்டிப் பாத்தம். நடுப்பகுதி சரி, ஆனா மேலயும் கீழயும் போகப்போக பேப்பர் மடிஞ்சு மடிஞ்சு ஏறி, கோலத்தின்ர இதழ் எல்லாம் ஒண்டுக்குமேல ஒண்டா படுத்திட்டுது. பிள்ளை தன்ர பசைதான் சரியில்லை எண்டு நினைச்சாள். பசையில பிழையில்லை, தட்டையான ஒரு தாளை முட்டையில மடிப்பில்லாம ஒட்ட ஒருத்தராலயும் ஏலாது, அதுக்கு கணக்கு இருக்கு.

தோடம்பழத்தை உரிச்சு அந்தத் தோலை மேசையில வச்சு அமத்திப் பாருங்கோ, கிழிஞ்சாத்தான் தட்டையா வரும். அதே விசயம்தான் மறுவளமா முட்டையில நடக்குது. 1827ல காவுஸ் எண்ட ஜெர்மன் கணிதர் இதை நிரூபிச்சவர்: ஒரு பரப்பை இழுக்காம, சுருக்காம வளைக்க மட்டும் செய்தா அதின்ர உள்வளைவு, அதாவது நெடுக்கையும் குறுக்கையும் உள்ள வளைவுகளைப் பெருக்கின அளவு, மாறாது. தாளுக்கு அந்த வளைவு பூச்சியம், முட்டைக்கு பூச்சியமில்லை. தாளை குழாயா சுருட்டலாம், கச்சான் சுத்துற கூம்பா சுருட்டலாம், முட்டையா மட்டும் சுருட்ட ஏலாது. ஒண்டில் அது இழுபடவேணும், இல்லாட்டி மடியவேணும்.

அப்ப வழி என்னெண்டா மடிப்பு எங்க வரவேணும் எண்டதை நாங்களே முதலே தீர்மானிச்சு அந்த இடத்தை வெட்டி எடுத்திடுறது. குடையின்ர துணியைப் பாத்தா விளங்கும், நடுவில அகலமும் நுனியில கூருமா வெட்டின துண்டுகளைப் பொருத்தித்தான் அந்த வளைவு வருது. உலக உருண்டை செய்யிற ஆக்களும் இப்பிடித்தான் செய்தவை. 1507ல வால்ட்சீமுல்லர் அச்சடிச்ச உருண்டை வரைபடம், அமெரிக்கா எண்ட பேர் முதல் வந்த அச்சு வரைபடங்களில ஒண்டு, அதில 12 கூர்த்துண்டு பக்கத்தில பக்கத்தில நிக்கும், வெட்டி ஒட்டினா உருண்டை.

எத்தினை துண்டு போடவேணும் எண்டதுதான் எனக்குச் சரியா பிடிச்ச பகுதி. எங்கட வீட்டு முட்டை நடுவில நூலால அளக்க 13.5 சென்டிமீற்றர் சுற்றளவு, மேல் நுனியில இருந்து கீழ் நுனிமட்டும் கோதோட ஒட்டி அளக்க 7.9 சென்டிமீற்றர். 6 துண்டா வெட்டினா ஒவ்வொண்டும் நடுவில 22.5 மில்லிமீற்றர் அகலம். அந்தத் துண்டின்ர விளிம்பு வளைஞ்சு போறதால அது நடுக்கோட்டை விட கிட்டத்தட்ட 4 மில்லிமீற்றர் நீளம், ஆனா முட்டையில ரெண்டும் ஒரே நீளமாத்தான் இருக்கவேணும், அந்த மிச்ச 4 மில்லிமீற்றர்தான் சுருக்கமா எழும்புறது. 12 துண்டாக்கினா அகலம் 11.25 ஆகுது, மிச்சம் பாதியா குறையும் எண்டுதான் நானும் முதல் நினைச்சன், அப்பிடியில்லை, நாலில ஒண்டாகி 1 மில்லிமீற்றருக்கு வந்திடும். அகலம் பாதியானா மிச்சம் கால்வாசி. அந்த ஒரு மில்லிமீற்றரை நனைஞ்ச மெல்லிய பேப்பர் தானே விழுங்கிடும். 24 போடலாம்தான், ஆனா 24 கூர்நுனியை பொருத்துற பொறுமை எனக்கில்லை, 12 காணும்.

இனி அந்தத் துண்டின்ர உருவம். முட்டை ஒரு பக்கம் கூர், ஒரு பக்கம் மொத்தம், அதால இன்ரர்நெற்றில கிடைக்கிற உருண்டைக்கான அச்சு பொருந்தாது, உங்கட முட்டையை நீங்கள்தான் அளக்கவேணும். ஒரு பேப்பர் நாடாவில சென்டிமீற்றர் குறிச்சு, அதை முட்டையில மேலிருந்து கீழ பிடிச்சு ஒவ்வொரு சென்டிமீற்றருக்கும் பென்சிலால ஒரு புள்ளி வையுங்கோ. முட்டையை சோடா மூடியில நேரா நிக்கவச்சு, புள்ளியள் உங்களைப் பாக்கிறமாதிரி திருப்பி, ரெண்டு மீற்றர் தள்ளி நிண்டு போனில சூம் பண்ணி முட்டையின்ர உயரத்துக்கே பிடிச்சு போட்டோ எடுங்கோ. கிட்டப்போய் எடுத்தா முன்னுக்கு இருக்கிற வளைவு உண்மையான விளிம்பை மறைச்சிடும், அளவு பிழைக்கும். போட்டோவை இங்க்ஸ்கேப்பில போட்டு (அது படம் கீறுற இலவச மென்பொருள்) முட்டையின்ர அகலம் 43 மில்லிமீற்றர் வாறமாதிரி சின்னனாக்குங்கோ, நீள அகலம் சேர்ந்து மாறுற பூட்டை போட மறக்கவேண்டாம். 13.5ஐ 3.14ஆல பிரிச்ச கணக்குத்தான் அந்த 43. பிறகு ஒவ்வொரு புள்ளிக்கும் குறுக்கால ஒரு கோடு இழுத்து, அந்த உயரத்தில முட்டை எவ்வளவு அகலம் எண்டு பாத்து, அதை 3.14ஆல பெருக்கி 12ஆல பிரிச்சா துண்டின்ர அகலம் வந்திடும். ஒரு புள்ளியில முட்டை 30 மில்லிமீற்றர் எண்டா துண்டு அந்த இடத்தில 7.85. இப்பிடி ஏழெட்டு அளவை ஒரு சென்டிமீற்றர் இடைவெளியில வச்சு பேனாக் கருவியால தொடுத்தா கூர்த்துண்டு ரெடி.

கோலத்தை இதுக்குள்ள எப்பிடி கொண்டுவாறது? பெரிய சதுரக் கோலத்துக்கு மேல துண்டுகளை வச்சு வெட்டினா துண்டுகளுக்கு இடையில இருக்கிற பகுதி காணாமப்போகும், மேலயும் கீழயும் கோடு அறுந்து நிக்கும். அதால ஒரு துண்டுக்குள்ள மட்டும் கீறுங்கோ, இடது விளிம்பில ஒரு கோடு எந்த உயரத்தில தொடுதோ வலது விளிம்பிலயும் அதே உயரத்தில தொடவேணும், அப்பத்தான் பக்கத்து துண்டோட தொடரும். பிறகு அதை கொப்பி பண்ணாம குளோன் எடுங்கோ. குளோன் எண்டா முதல் துண்டில ஒரு புள்ளியை நகர்த்தினா மற்ற 11 துண்டிலயும் அது தானா நகரும். அக்காவின்ர மகள் ஒரு இதழை இழுக்க பன்ரெண்டு இதழும் ஒண்டா விரிஞ்சதைப் பாத்து கத்தின கத்தலில அடுப்படியில நிண்ட பெரியம்மா ஓடிவந்தவ. இன்னொண்டு, இங்க்ஸ்கேப் கோட்டை கோடாத்தான் வச்சிருக்கும், புள்ளிப் படமா இல்லை, அதால நாளைக்கு தாரா முட்டைக்கு பெருப்பிச்சாலும் விளிம்பு மங்காது. உருவம் மட்டும் வேற, தாரா முட்டையை திரும்ப அளக்கத்தான் வேணும்.

பிறிண்ட் எடுக்கேக்கதான் கனபேருக்கு பிழைக்கிறது. நாங்கள் ஒரு கடையில குடுக்க, அங்க தாளுக்கு அடங்கவைக்கிற செற்றிங் போட்டு 97 வீதத்தில எடுத்துத்தந்திட்டினம். 3 வீதம் எண்டா சின்னன்தானே எண்டு தோணும், ஆனா 13.5 சென்டிமீற்றர் 13.1 ஆகி, கடைசித் துண்டு ஒட்டி முடிய 4 மில்லிமீற்றர் வெறுங்கோது தெரிஞ்சுது. அதுக்குப் பிறகு தாளின்ர ஓரத்தில 5 சென்டிமீற்றர் கோடு ஒண்டு கீறிவிடுறன், கடையிலயே அடிமட்டம் வச்சு பாத்திட்டுத்தான் காசு குடுக்கிறது. லேசர் பிறிண்ட் கேளுங்கோ, அதின்ர மை சூட்டில உருகி ஒட்டின பிளாஸ்ரிக் தூள், ஈரத்துக்கு கரையாது. வீட்டு இங்க்ஜெட் மையில கனக்க வகை பசை பட்டவுடன ஊறி ஓடும். பேப்பருக்கு பட்டம் கட்டுற வெள்ளை டிசுதான் நல்லம், அதை A4 தாளின்ர மேல் விளிம்பில பசைக்குச்சியால ஒட்டி, கடைக்காரரிட்ட கேட்டிட்டு மெசினுக்குள்ள விடவேணும், செலோரேப் போடக்கூடாது, லேசர் மெசினுக்குள்ள இருக்கிற சூட்டில அது இளகும்.

டிசுவை பசையோட கோதில வைக்க ஒரு மாயம் நடக்கும். வெள்ளை மறைஞ்சு கோடு மட்டும் கோதில கீறினமாதிரி நிக்கும். வடை சுத்தின பேப்பரில எண்ணெய் பட்ட இடம் கண்ணாடிமாதிரி தெரியுமே, அதேதான். பேப்பர் வெள்ளையா தெரியிறதுக்கு காரணம் நாருக்கு இடையில இருக்கிற காத்து, நாருக்கும் காத்துக்கும் ஒளி வளையிற அளவு கனக்க வித்தியாசம், அதால வெளிச்சம் சிதறுது. காத்து இருந்த இடத்தில பசை நிரம்ப வித்தியாசம் குறைஞ்சு வெளிச்சம் நேரா கோதுவரைக்கும் போய்வருது. ஈரத்தில நாருகளுக்கு இடையில இருக்கிற பிடியும் இளகும், அந்த ஒரு மில்லிமீற்றர் சுருக்கத்தை விரலால தடவ அமர்றது அதாலதான்.

ஆனா இதால கோதின்ர நிறம் படத்துக்குள்ள வரும். மண்ணிற முட்டையில மஞ்சள் கடுகு நிறமாகும், நீலம் செத்துப்போகும். முதலே பாக்கவேணும் எண்டா கிம்ப் எண்ட இலவச மென்பொருளில கீழ முட்டைப் போட்டோவும் மேல கோலமும் வச்சு, மேல் லேயரை மல்டிப்ளைக்கு மாத்துங்கோ, அது ரெண்டு நிறத்தையும் பெருக்கிக் காட்டும், உண்மையில நடக்கிறதும் கிட்டத்தட்ட அதுதான். மண்ணிறம் கோதின்ர மேல்படையில கூட இருக்கிறதால வினாகிரியில நனைச்ச துணியால தேய்க்க கொஞ்சம் வெளிறும், கனக்க தேய்ச்சா கோதே கரையும், அது கல்சியம் காபனேற்றுத்தானே.

முட்டையை முதலே ரெண்டு பக்கமும் ஊசியால துளைச்சு, உள்ளுக்க இருக்கிறதை ஊதி எடுத்து, சவர்க்காரத்தண்ணியில அலசி ஒரு நாள் காயவிடுங்கோ. எண்ணெய்க் கை பட்ட இடத்தில பசை பிடிக்காது. துண்டுகளை நடுவில இருந்து நுனிக்குத் தடவி ஒட்டுங்கோ. 12 கூரும் சந்திக்கிற இடம் தடிச்சுப்போகும், அதால ஒவ்வொரு நுனியிலயும் 3 மில்லிமீற்றர் வெட்டிவிட்டு, 1 சென்டிமீற்றர் வட்டம் ஒண்டை அதே தாளில கீறிவச்சு மேல மூடுங்கோ, அவ்வளவு சின்ன வட்டத்துக்கு முட்டை கிட்டத்தட்ட தட்டைதான். ஊதின துளையும் அதுக்குள்ள மறைஞ்சிடும். வார்னிஷ் பூசேக்க சோடா மூடியில வைக்காதேங்கோ, ஒட்டிக்கொள்ளும். கீழ் வட்டத்தை கடைசிக்கு விட்டு, அந்தத் துளைக்குள்ள ஈர்க்கு ஒண்டை விட்டு மண்சட்டியில குத்திவச்சு காயவிட்டம், அடுத்தநாள் ஈர்க்கை எடுத்திட்டு வட்டத்தை ஒட்டினது பிள்ளைதான்.