தண்ணீரில் பரவும் நிறம் கிடாரில் ஏறுவது எப்படி?

வீட்டிலேயே மரம் அறுத்து எலெக்ட்ரிக் கிடார் செய்கிறவர்களுக்கு ஒரு பெரிய சுதந்திரம் உண்டு. அக்கூஸ்டிக் கிடாரில் மேல்பலகை அதிர்ந்துதான் சத்தம் வரும். அந்த மெல்லிய பலகையில் பூச்சு தடித்துவிட்டால் ஒலி அடங்கிப் போகும். எலெக்ட்ரிக் கிடாரில் எஃகுத் தந்தியின் அதிர்வை பிக்கப்பில் இருக்கும் காந்தமும் கம்பிச்சுருளும் மின்சாரமாக மாற்றுகின்றன. கெட்டியான மரப் பாடியின்மேல் எந்த நிறம் பூசினாலும் காதுக்குப் பெரிதாக வித்தியாசம் தெரியாது. அதனால் அந்தப் பரப்பைத் துணிந்து கண்ணுக்கென்றே விட்டுவிடலாம்.

அதில் செய்யக்கூடிய வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஸ்வர்ல். தொட்டித் தண்ணீரின்மேல் பெயின்ட்டைப் பரவவிட்டு, பாடியை அதற்குள் முக்கி எடுப்பார்கள். 1990-இல் ஐபனீஸ் நிறுவனம் கிடார் கலைஞர் ஸ்டீவ் வாயுடன் சேர்ந்து கொண்டுவந்த ஏழு தந்தி யுனிவர்ஸ் கிடாரின் ஒரு மாடல் இந்தப் பலவண்ணச் சுழிகளால்தான் கண்ணில் பட்டது. காகிதத்தில் இதே வேலை மிகப் பழையது. ஜப்பானில் சுமிநாகாஷி, துருக்கியில் எப்ரு என்று பல நூற்றாண்டுகளாக நடந்துவருகிறது.

எண்ணெய் தண்ணீரைவிட லேசானது, அதனால் மிதக்கிறது என்று சொல்லிவிட்டால் போதாது. இந்த வேலைக்கு எடுக்கும் எண்ணெய் சார்ந்த எனாமல் பெயின்ட்டில் கலந்திருக்கும் நிறமித்தூள் தண்ணீரைவிடக் கனமானது. உயரத்திலிருந்து துளியை விட்டால் அது பரப்பைக் கிழித்துக்கொண்டு அடியில் போய்ப் படியும். தண்ணீருக்கு மிக அருகில் வைத்து மெதுவாக விட்டால் மேலேயே விரிந்து நிற்கும். அதைத் தாங்குவதும் விரிப்பதும் பரப்பு இழுவிசை, அதாவது திரவத்தின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய தோல் போலச் சுருங்கப் பார்க்கும் விசை.

துளியின் விளிம்பில் மூன்று இழுப்புகள் மோதுகின்றன. சுற்றியிருக்கும் தண்ணீர்ப் பரப்பு வெளிப்பக்கம் இழுக்கிறது. பெயின்ட்டின் சொந்தப் பரப்பும், பெயின்ட்டும் தண்ணீரும் தொட்டுக்கொள்ளும் எல்லையும் உள்பக்கம் இழுக்கின்றன. சுத்தமான தண்ணீரின் இழுவிசை 25 டிகிரி செல்சியஸில் மீட்டருக்கு சுமார் 72 மில்லிநியூட்டன். பெயின்ட்டை இளக்கும் டர்பன்டைனுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். மீதி இரண்டும் சேர்ந்து தண்ணீரின் இழுப்பைவிடக் குறைவாக இருந்தால் துளி விரியும். இல்லையென்றால் பொட்டு மாதிரி நின்றுவிடும்.

தண்ணீரில் வெண்காரம் கரைப்பது இந்த வேலை செய்கிறவர்களின் வழக்கம். வெண்காரம் தண்ணீரை லேசாகக் காரமாக்குகிறது. காரமும் எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலமும் சேர்ந்தால் சோப்பு உண்டாகும் என்பது தெரிந்த வேதியியல். எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் நடுவிலிருக்கும் இழுவிசையை, அதாவது துளியை உள்பக்கம் இழுக்கும் இழுப்புகளில் ஒன்றை, சோப்பு குறைக்கும்.

சரி, இரண்டாவது துளி என்ன ஆகிறது? இங்கேதான் வடிவம் பிறக்கிறது. முதல் துளி ஒரு தட்டு அகலத்துக்கு விரியும். அதன் நடுவில் விடும் அடுத்த நிறம், முதல் நிறத்தை வளையமாக வெளியே தள்ளும். மூன்றாவது துளி அந்த இரண்டையும் நெருக்கும். இடம் குறையக் குறையப் பரப்பு இழுவிசையும் மாறுவதால், கடைசித் துளிகள் சிறு புள்ளிகளாகவே நின்றுவிடும். எந்த நிறம் மேலோங்க வேண்டுமோ அதை முதலில் விடுவதா கடைசியில் விடுவதா என்று யோசிக்க வேண்டியது இதனால்தான்.

அழுக்குப் படிந்த தண்ணீர்ப் பரப்பை நெருக்கினால் இழுவிசை எப்படி மாறும் என்று முதலில் கவனமாக அளந்தவர் ஜெர்மனியின் ஆக்னெஸ் பாக்கெல்ஸ். கல்லூரிப் படிப்பு இல்லை, ஆய்வகம் இல்லை. வீட்டைக் கவனித்துக்கொண்டே சமையலறையில் ஒரு தகரத் தொட்டியை வைத்து ஆராய்ந்தார். குறுக்கே ஒரு பட்டையை நகர்த்திப் பரப்பைச் சுருக்கியும் விரித்தும் பார்த்தார். முடிவுகளை இங்கிலாந்தின் இயற்பியலாளர் ராலே பிரபுவுக்குக் கடிதமாக எழுத, 1891-இல் நேச்சர் அறிவியல் இதழ் அதை வெளியிட்டது. கிடாருக்கு நிறம் ஏற்ற நாம் வைக்கிற தொட்டியில் நடப்பதும் அவர் தன் தொட்டியில் அளந்த அதே விஷயம்தான். அவர் பெயர் இன்னும் பரவலாகத் தெரிந்திருக்க வேண்டும்.

வேலைக்கு வருவோம். தண்ணீர் பட்டால் மரம் உப்பும், அதனால் முதலில் சீலர் அடித்து மரத்தின் துளைகளை மூட வேண்டும். அப்புறம் வெள்ளை அடிப்பூச்சு. அதை 320 நம்பர் உப்புத்தாளில் தேய்த்தால் பெயின்ட் பிடித்துக்கொள்ளும். நெக், அதாவது கிடாரின் நீண்ட கழுத்து, உட்காரும் பள்ளத்தை டேப் ஒட்டி மறைக்காமல் விடக் கூடாது. அங்கே பூச்சு ஏறினால் நெக் சரியாகப் பொருந்தாது. பள்ளத்தில் ஒரு கட்டையைத் திருகாணியால் முடுக்கினால் அதுவே கைப்பிடி. மரம் மிதக்கும் பொருள் என்பதால் அழுத்தித்தான் முக்க வேண்டியிருக்கும், கைப்பிடி உறுதியாக இருக்கட்டும். கரைப்பான் ஆவி மூச்சுக்குக் கெடுதல், தீயும் பற்றும். ஆகவே திறந்த வெளியில், அடுப்பும் பீடியும் இல்லாத இடத்தில் செய்யுங்கள்.

நிறங்களை விட்டு, குச்சியால் இழுத்துச் சுழி வரைந்ததும் நேரம் ஓடத் தொடங்கிவிடும். டர்பன்டைன் ஆவியாக, மேலே ஆடை படியும். ஆடை தடித்துவிட்டால் படலம் நீளாமல் கிழியும். பாடியைச் சாய்வாக இறக்க வேண்டும். தட்டையாக வைத்தால் அடியில் காற்று சிக்கி, அந்த இடம் வெள்ளையாகவே நின்றுவிடும். பாடி இறங்க இறங்க, ஒட்டிக்கொண்ட படலம் பின்னாலிருக்கும் படலத்தையும் இழுத்து வருகிறது. பக்கவாட்டில் சுழிகள் நீண்டு நரம்புகள் போலத் தெரிவது அதனால்தான். நடுவில் கை நின்றால் அந்த இடத்தில் ஒரு கோடு விழும்.

முழுதும் மூழ்கியதும் அவசரப்பட்டு வெளியே எடுக்காதீர்கள். மேலே மிச்சமிருக்கும் பெயின்ட்டை ஒருவர் செய்தித்தாளால் வழித்தெடுக்கட்டும். இல்லாவிட்டால் பாடி மேலே வரும்போது அதன்மேல் இரண்டாவது தோல் போர்த்திக்கொள்ளும்.

எனாமல், கரைப்பான் ஆவியாவதால் மட்டும் காய்வதில்லை. காற்றின் ஆக்சிஜனை எடுத்து அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைய வேண்டும், அதற்கு நாட்கள் பிடிக்கும். பாதி காய்ந்த நிலையில் கடுமையான தின்னர் கலந்த கிளியர் கோட்டை, அதாவது நிறமில்லாத மேல்பூச்சை, அடித்தால் படலம் உப்பிச் சுருங்கிவிடும். பொறுமையாகக் காயவிட்டு, முதலில் பனி போல மெல்லிய பூச்சுகள் கொடுத்து, பிறகே கனமாக அடிப்பது நல்லது. தேய்ப்பதெல்லாம் கிளியர் கோட்டின்மேல்தான். நிறப்படலத்தை நேராகத் தேய்த்தால் அடிவெள்ளை தெரிந்துவிடும். 1000, 2000 என்று உப்புத்தாளை நுணுக்கிக்கொண்டே போகும்போது ஓரங்களில் கை லேசாகப் படட்டும். ஈரமான பூச்சு கூர்மையான விளிம்பிலிருந்து பின்வாங்குவதால், அங்கே கிளியர் கோட் எப்போதும் மற்ற இடங்களைவிட மெலிந்தே இருக்கும்.