126 படம் என்றால் 126 மான் அல்ல

போன வாரம் கோலாலம்பூர் செந்தூலில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ஓர் அண்ணன், அசைவைக் கண்டால் தானே படம் எடுக்கும் காட்டுக் கேமராவின் மெமரி கார்டை என் கையில் கொடுத்தார். கோலகுபு பாரு பக்கம் காட்டோரமாகப் பழத்தோட்டம் வைத்திருப்பவர். துப்பாக்கி உரிமமும் உண்டு. “தங்கச்சி, மூணே ராத்திரியில கேமராவுல 126 ருசா விழுந்திருக்கு. காடு நெறைய மான்!” என்றார். ருசா என்றால் கடமான். இந்த ஆண்டில் இப்படிக் கார்டோடு என்னிடம் வந்த ஐந்தாவது ஆள் அவர்.

மடிக்கணினியில் போட்டுப் பார்த்தோம். இடது காது கிழிந்த ஒரு பெண்மான், கூடவே அதன் குட்டி. 126 படத்திலும் இந்த இரண்டும்தான். கேமராவை உப்பு மண் இருக்கும் இடத்தில், அதாவது ஜெனுட்டில், நேருக்கு நேராகக் கட்டியிருக்கிறார். ஓர் அசைவுக்கு மூன்று படம் என்று அமைத்திருக்கிறார். மான் அங்கே நின்று நிதானமாக மண்ணை நக்கும், தலையைத் தூக்கும், திரும்பவும் நக்கும். ஒவ்வொரு தடவையும் மூன்று படம்.

காட்டுக் கணக்கெடுப்பில் கேமராவோடு பல வருடம் அலைந்தவள் என்பதால் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: படத்தை எண்ணினால் மானை எண்ணியதாகாது. எங்கள் வேலையில், ஒரே இடத்தில் அரை மணி நேரத்துக்குள் விழும் ஒரே இனத்தின் படங்களை ஒரே பதிவாகத்தான் எடுத்துக்கொள்வோம். அப்படிக் குறைத்த பிறகும் கையில் கிடைப்பது எத்தனை தடவை வந்தது என்ற கணக்கு, எத்தனை மான் என்ற கணக்கு இல்லை. ஒரே மான் பத்து ராத்திரி வந்தால் பத்துப் பதிவு.

“புலியை மட்டும் கேமராவை வைத்து எண்ணுகிறீர்களே” என்று கேட்பார்கள். புலிக்கு வரி இருக்கிறது. ஒரு புலியின் வரி இன்னொன்றுக்கு வராது. அதனால்தான் 2016 முதல் 2020 வரை நடந்த முதல் தேசியப் புலிக் கணக்கெடுப்பில், நம் மலேசியாவில் 150க்கும் குறைவான புலிகளே இருக்கின்றன என்று சொல்ல முடிந்தது. ருசாவுக்கும், கிஜாங் என்கிற குரைக்கும் மானுக்கும் உடம்பில் அப்படி ஓர் அடையாளமும் இல்லை. அண்ணனின் மானுக்குக் காது கிழிந்திருந்தது நமக்கு அதிர்ஷ்டம். ஆண் மானைக் கொம்பின் அமைப்பால் பிரித்துச் சொல்லலாம், அதுவும் கொம்பு விழும்வரைதான்.

இதற்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், அந்த ருசாதான் புலிக்குப் பெரிய இரை. அது குறைந்துபோனதால்தான் தீபகற்ப மலேசியாவில் 2009 முதல் பல ஆண்டுகள் ருசா, கிஜாங் வேட்டைக்கு உரிமமே தராமல் நிறுத்தினார்கள். இரண்டு மானை 126 ஆக்கி “காடு நெறைய மான்” என்று ஊரெல்லாம் சொன்னால் என்ன ஆகும்? சொந்த நிலமாகவே இருக்கட்டும், வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் அனுமதி இல்லாமல் மானைச் சுடக் கூடாது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

கேமரா நன்றாகச் சொல்வது நேரத்தையும் பாதையையும்தான். ருசா பெரும்பாலும் இரவில் நடக்கும். கிஜாங் பகலில், அதிலும் காலையிலும் அந்தியிலும். நடமாட்டம் தெரிய வேண்டுமானால் ஜெனுட்டை விட்டுவிட்டு, அதற்கு வரும் தடங்களில் மூன்று நான்கு இடங்களில் கட்டுங்கள். முழங்கால் உயரம் போதும். தடத்துக்குக் கொஞ்சம் சாய்வாக, வடக்கையோ தெற்கையோ பார்த்து இருக்கட்டும். கிழக்கு மேற்காக வைத்தால் வெயில் பட்டே நூறு படம் எடுக்கும். முன்னால் ஆடும் இலையை வெட்டிவிடுங்கள். நம் ஊர் நடுப்பகல் சூட்டில், மானின் உடம்புச் சூட்டுக்கும் சுற்றியுள்ள சூட்டுக்கும் வித்தியாசம் குறைந்து சென்சார் கோட்டைவிடும். அந்த நேரத்தில் படம் இல்லையென்றால் மான் வரவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். கேமராவுக்குள் ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலம் வையுங்கள், எறும்பு கூடு கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பேட்டரி மாற்றினால் தேதியையும் மணியையும் சரிபாருங்கள். அண்ணனின் கார்டில் ராத்திரிப் படத்தில் மதியம் இரண்டு மணி என்று இருந்தது. அந்தக் கார்டிலிருந்து நேரத்தைப் பற்றி ஒன்றுமே சொல்ல முடியவில்லை.

அப்புறம், தினமும் போய்ப் பார்க்காதீர்கள். உங்கள் வாடை தடத்தில் கிடந்தால் மான் வேறு வழியில் போகும். நாலு வாரம், முடிந்தால் ஆறு வாரம் அப்படியே விடுங்கள்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். ஜெனுட் படத்தை வாட்ஸ்அப் குழுவில் ஊர்ப்பெயரோடு போடாதீர்கள். அந்தப் பாறையையும் மரத்தையும் பார்த்தே இடத்தைக் கண்டுபிடிப்பவர்கள் இருக்கிறார்கள். கம்பிக் கண்ணியில் கால் மாட்டி, தோல் உரிந்து எலும்பு தெரிய நின்ற கிஜாங்கை நான் பார்த்திருக்கிறேன். கண்ணிக்கு மான், புலி என்ற பேதம் கிடையாது.

அண்ணன் கேமராவை ஜெனுட்டிலிருந்து கழற்றிவிட்டதாக நேற்றுப் போன் செய்தார். தடம் பார்க்க ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போகிறேன்.