எலிப் பொம்மை தனக்குத் தானே சாவி கொடுத்துக்கொள்ளுமா?

அப்பா எலி தன் குட்டியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு வட்டமடித்து ஆடும். ஆடும்போதே குட்டியைத் தூக்கித் தூக்கி இறக்கும். இரண்டும் சேர்ந்து ஒரே பொம்மை. சாவி அப்பாவின் முதுகில். ரஸ்ஸல் ஹோபன் 1967இல் எழுதிய சிறுவர் நாவலில் வரும் ஜோடி இது. ‘தி மவுஸ் அண்ட் ஹிஸ் சைல்ட்’ என்ற அதே பெயரில் 1977இல் கார்ட்டூன் படமாகவும் வந்தது. யாருடைய கையையும் எதிர்பார்க்காமல் தங்களுக்குத் தாங்களே சாவி கொடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர்களுடைய ஏக்கம். கதை உருக்கமானதுதான். ஆனால் இயற்பியல் அதற்கு இடம் கொடுக்குமா?

கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழாக் கடைகளில் சாவி பொம்மை கிடைத்தால் ஒன்று வாங்கிப் பிரித்துப் பாருங்கள். உள்ளே நாடாபோல் மெல்லிய எஃகுத் தகடு சுருண்டு கிடக்கும். அதன் உள்முனை சாவித் தண்டில், வெளிமுனை பொம்மையின் சட்டத்தில். சாவியைத் திருகும்போது தகடு தண்டைச் சுற்றி இறுகுகிறது. அப்போது தகட்டின் ஒரு பக்கம் இழுபடும், மறுபக்கம் அமுங்கும். எஃகின் அணுக்கள் தங்கள் இடத்திலிருந்து துளியளவு விலகி, திரும்பிப் போகத் துடித்துக்கொண்டிருக்கும். உங்கள் விரல் செலவழித்த ஆற்றல் அந்தத் துடிப்பில்தான் இருக்கிறது. திருகும்போது கேட்கும் ‘கிடக் கிடக்’ சத்தம், சக்கரம் பின்னால் ஓடாமல் தடுக்கும் சிறு நாக்கினுடையது.

சரி, சாவியை விட்டதும் சுருள் ஒரே நொடியில் விரிந்து தீர்ந்துவிட வேண்டாமா? அங்கேதான் சாமர்த்தியம். பெரிய பற்சக்கரம் சிறியதைச் சுழற்ற, அது அடுத்ததைச் சுழற்ற, கடைசிச் சக்கரம் படுவேகமாகச் சுற்றும். அதன் பற்களுக்கு நடுவே ஒரு சிறு துண்டு இப்படியும் அப்படியும் ஆடி, ஒவ்வொரு பல்லையும் ஒரு கணம் மறித்துவிட்டு வழிவிடும். பொம்மை ஓடும்போது வரும் ‘கர்ர்ர்’ அதுதான். அந்தத் துண்டைக் கழற்றிவிட்டால் அரை நிமிட ஆட்டம் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். குட்டி எலியைத் தூக்கி இறக்குவது இன்னும் எளிது: சுழலும் சக்கரத்தில் மையம் விலகி ஒரு கம்பியை மாட்டினால், சுழற்சி மேலும் கீழுமான அசைவாக மாறிவிடும்.

சுருளுக்கு ஒரு குறை உண்டு. முழுதாக இறுகியிருக்கும்போது வேகமாக இழுக்கும், விரிய விரியச் சோர்ந்துபோகும். பொம்மை கடைசியில் தள்ளாடுவது இதனால்தான். 1893 முதல் நிற்கும் நாகர்கோவில் மணிமேடைக் கடிகாரத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. அது தொங்கும் எடையால் ஓடுவது. எடை எந்த உயரத்தில் இருந்தாலும் இழுவை ஒன்றுதான். ஆனால் கீழே இறங்கிய எடையை யாராவது மேலே ஏற்றியாக வேண்டும்.

அப்புறம், எலிகளின் ஏக்கத்துக்கு வருவோம். அப்பாவுக்குள் இரண்டு சுருள்களை வைத்து, ஒன்று விரியும்போது மற்றதை இறுக்கினால் என்ன? பள்ளிக்கூடத்தில் பாதிப் பேருக்காவது தோன்றியிருக்கும் யோசனை. பக்கத்துப் பக்கத்துக் குளங்களுக்கு நடுவே மடையைத் திறந்துவிடுவது போலத்தான் இது: நிறைந்த குளத்திலிருந்து வற்றிய குளத்துக்குத் தண்ணீர் பாயும், மட்டம் சமமானதும் நின்றுவிடும். முதல் சுருள் தளரத் தளர அதன் இழுவை குறையும். இரண்டாவது இறுக இறுக அதன் எதிர்ப்பு கூடும். இரண்டும் சமமாகும் இடத்தில், உள்ளே ஆற்றல் மிச்சமிருக்கும்போதே, பொம்மை நின்றுவிடும். வேகத்தில் கொஞ்சம் தாண்டிப் போனாலும் ஒவ்வொரு பல்லின் உராய்விலும் ஆற்றல் வெப்பமாகக் கழிந்துகொண்டே இருக்கும். ஆட்டத்துக்கும் அதிலிருந்துதானே எடுக்க வேண்டும்?

அப்படியானால் சாவியே கொடுக்காமல் ஓடும் ஆட்டோமேட்டிக் கைக்கடிகாரம்? அதற்குள் அரைவட்ட எடை ஒன்று இருக்கிறது. நீங்கள் கையை வீசும்போது அது சுழன்று சுருளை இறுக்குகிறது. சாப்பிட்ட சோறுதான் சாவி. அட்மாஸ் என்ற மேசைக் கடிகாரம் இன்னும் விசித்திரம். அடைத்த குப்பிக்குள் இருக்கும் வாயு, அறையின் சூட்டுக்கேற்ப விரிந்து சுருங்கிச் சுருளை முடுக்கும். 1 டிகிரி செல்சியஸ் மாறினாலே சுமார் இரண்டு நாள் ஓடும். இரண்டிலுமே ஆற்றல் வெளியிலிருந்துதான் வருகிறது.

அந்த எலிகள் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வந்திருந்தால் காரியம் சுலபமாகியிருக்கும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் நிறுத்தி, முதுகுச் சாவிக்குப் பதில் ஒரு காற்றாடி பொருத்தினால் போதும். மலைகளின் இடைவெளியில் நெருங்கிப் பாயும் தென்மேற்குப் பருவக்காற்று பெரிய காற்றாலைகளையே சுழற்றுகிறது, ஒரு எலியைச் சுழற்றாதா? அப்போது கவலை வேறு: காற்று ஓயாது, சுருள் இறுகிக்கொண்டே போய் எங்காவது அறுந்துவிடும். அதற்கும் வழி இருக்கிறது. ஆட்டோமேட்டிக் கடிகாரத்தில் சுருளின் வெளிமுனையை இறுக்கிப் பூட்டுவதில்லை. அது அமர்ந்திருக்கும் வட்டப் பெட்டியின் சுவரில் அழுந்தி மட்டும் நிற்கும். அளவு மீறி இறுகினால் வழுக்கிக்கொடுக்கும். எலிக்கும் அப்படி ஒரு பெட்டி வைத்தால் ஆடி மாதம் முழுக்க ஆடும்.