சாட்சி சொல்வதற்கு முன் ஒரு சளிப் பரிசோதனை

2019 மே மாதம், ஒரு ஞாயிறு ஆராதனையில் எங்கள் சபைத் தம்பி ஒருவர் சாட்சி சொல்ல, அதாவது கர்த்தர் தனக்குச் செய்ததைச் சபை முன் சொல்ல, எழுந்தார். காசிமேட்டில் படகுகளுக்கு ஐஸ் ஏற்றும் வேலை அவருக்கு. பிப்ரவரியில் டி.பி. என்று தெரிந்து, அரசு கொடுக்கும் மாத்திரையைச் சாப்பிட்டு வந்தார். "இருமல் நின்னுடுச்சு, காய்ச்சல் இல்ல, எடை ஏறிடுச்சு. கர்த்தர் சுகம் குடுத்துட்டாரு, மாத்திரைய விட்டுட்டேன்" என்றார். சபை கைதட்டியது. நானும் "அல்லேலூயா" என்றேன்.

ஆகஸ்டில் ஒரு நாள் ராத்திரி பதினோரு மணிக்கு அவர் மனைவி போன் செய்தார். இருமலில் ரத்தம் வருகிறது என்றார். நானும் இன்னொரு சகோதரரும் ஆட்டோ பிடித்து ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். மறுபடி சளி எடுத்துப் பார்த்ததில், முதலில் கட்டுப்பட்ட மருந்துக்கு அந்தக் கிருமி இப்போது கட்டுப்படவில்லை என்று வந்தது. 6 மாதத்தில் முடிந்திருக்க வேண்டிய வைத்தியம் ஒன்றரை வருடத்துக்கும் மேல் இழுத்தது.

அந்த "அல்லேலூயா" என்னை இன்றைக்கும் விடவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன், சபை மக்களுக்கும் என்னைப் போன்ற போதகர்களுக்கும்.

டி.பி.க்கு மருந்து சாப்பிட ஆரம்பித்தால் பலருக்குச் சில வாரங்களிலேயே இருமல் குறையும், பசி எடுக்கும், முகம் தெளியும். ஆனால் கிருமி உள்ளே இருக்கும். சாதாரண டி.பி.க்கு முதல் 2 மாதம் நான்கு மருந்தும், அடுத்த 4 மாதம் மூன்று மருந்தும் கொடுப்பது அந்த மிச்சக் கிருமியையும் ஒழிப்பதற்குத்தான். நடுவில் விட்டாலோ, ஒரு நாள் சாப்பிட்டு இரண்டு நாள் விட்டாலோ, பிழைத்த கிருமி மருந்துக்குப் பழகிவிடும். அப்புறம் வேறு மருந்துக்குப் போக வேண்டும். அது உடம்பை இன்னும் படுத்தும். ஆக, "சரியாகிவிட்டது" என்று உடம்பு சொல்லும் நேரம்தான் இந்த நோயில் மிக ஆபத்தான நேரம். சாட்சி சொல்லத் தோன்றுவதும் அதே நேரத்தில்தான்.

ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்திருந்தபோது அந்தத் தம்பி எனக்கு இன்னொரு விஷயம் சொன்னார். "ஐயா, விசுவாசத்துல மட்டும் விடல. தடைக்காலம். வேலை இல்ல. வெறும் வயித்துல மாத்திரை போட்டா வாந்தி. ஒண்ணுக்குப் போனா ஆரஞ்சு கலர்ல வருது, பயந்துட்டேன். அதான் முதல்ல அப்பப்போ விட்டேன், அப்புறம் மொத்தமா விட்டேன்."

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. படகு போகாவிட்டால் ஐஸ் ஏற்றுகிறவருக்குக் கூலி கிடையாது. டி.பி. நோயாளிக்குச் சத்துணவுக்காக அரசு அப்போது மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் போட்டு வந்தது. இவருக்கு ஓடுகிற கணக்கு இல்லாததால் அந்தப் பணமும் வரவில்லை. சிறுநீர் நிறம் மாறுவது ரிஃபாம்பிசின் என்ற மருந்தால். அதில் ஆபத்து ஒன்றும் இல்லை. அதை அவருக்கு யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் பயந்திருக்க மாட்டார். பசியும் வாந்தியும் பயமும் சேர்ந்து மாத்திரையை நிறுத்தியிருக்கின்றன. அதைச் சபையில் எழுந்து சொல்ல வெட்கம். "கர்த்தர் சுகம் கொடுத்தார்" என்றால் அந்த வெட்கத்தை மூடிக்கொள்ளலாம். நான் கைதட்டியதும் அந்தக் கதவு சாத்தப்பட்டுவிட்டது. அதற்குப் பிறகு மனம் மாறி மாத்திரையை எடுத்தால், விசுவாசத்தில் விழுந்துபோனவர் என்று பெயர் வரும் அல்லவா?

ஒரு போதகராக நான் முதலில் கேட்டிருக்க வேண்டியது, "தம்பி, காலைல சாப்பிட்டியா?" என்பது.

வேதத்தைக் காட்டி மாத்திரையை விடச் சொல்கிறவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். 2 இராஜாக்கள் 20-ஆம் அதிகாரத்தை எடுத்து நிதானமாகப் படியுங்கள். எசேக்கியா ராஜா சாகக்கிடக்கிறான், அழுது ஜெபிக்கிறான். குணமாக்குவேன், உன் நாட்களோடே 15 வருஷம் கூட்டுவேன் என்று தேவனே வாக்கு கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்கிறார். அதைப் பிளவையின்மேல், அதாவது அவன் உடம்பில் இருந்த கட்டியின்மேல் போடுகிறார்கள், ராஜா பிழைக்கிறான். வாக்குத்தத்தம் வந்தபிறகு மருந்து எதற்கு என்று தீர்க்கதரிசி கேட்கவில்லை.

லூக்கா 17-ல் பத்து குஷ்டரோகிகள் வருகிறார்கள். இயேசு அவர்களை ஆசாரியர்களிடம் போய்க் காண்பிக்கச் சொல்கிறார். ஏன் ஆசாரியன்? லேவியராகமம் 13, 14-ஆம் அதிகாரங்களின்படி தோலைப் பார்த்து, ஏழு நாள் தனியே வைத்து, மறுபடி பார்த்து, சுத்தமானான் என்று சொல்லும் பொறுப்பு அவனுடையது. சுகம் கொடுத்தவர் கர்த்தர், ஆனாலும் பார்த்துச் சொல்ல வேண்டியவன் ஆசாரியன். நம் காலத்தில் அந்த வேலையை லேப் ரிப்போர்ட் செய்கிறது என்று நான் பிரசங்கித்தபோது ஒரு பெரியவர் கோபித்துக்கொண்டு போனார். மூன்று வாரம் கழித்துத் தன் சர்க்கரை ரிப்போர்ட்டோடு வந்தார். அவரையும் நான் நேசிக்கிறேன்.

ரெய்னி ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளைகள் வடசென்னையில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். ஸ்காட்லாந்திலிருந்து 1888-ல் இங்கே வந்து ஏறக்குறைய 40 வருடம் வைத்தியம் பார்த்த மிஷனரி டாக்டர் மெட்டில்டா மக்ஃபெயிலின் உழைப்பில் வளர்ந்தது அது. அவருக்கு ஜெபமும் மருந்தும் எதிரெதிராக இருக்கவில்லை. நமக்கு மட்டும் எப்போது அப்படி ஆனது?

சரி, அந்தத் தம்பியின் வியாதி தெரிந்ததும் சபையில் நடந்ததையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். திருவிருந்தில் அவருக்குத் தனிக் கிண்ணம் வையுங்கள் என்று இரண்டு குடும்பத்தார் கேட்டார்கள். அவர் மனைவி பிரியாணி பரிமாறப் போனபோது ஒரு அக்கா கரண்டியை வாங்கிக்கொண்டார். தம்பியை ஊருக்கு அனுப்பிவிடலாமே என்றும் ஒருவர் சொன்னார். டி.பி. தட்டிலோ டம்ளரிலோ கைகுலுக்குவதிலோ பரவாது. இருமும்போதும் தும்மும்போதும் பேசும்போதும் காற்றில் பரவுகிறது. சரியான மருந்து ஒழுங்காக உள்ளே போக ஆரம்பித்த பிறகு, சில வாரங்களிலேயே அந்த ஆபத்து வெகுவாகக் குறைகிறது. இதைக் கண்டறிந்ததில் நம் ஊருக்கே பங்கு உண்டு. 1956-ல் சென்னையில் தொடங்கி 1959-ல் முடிவு வெளியான ஆய்வில், நெருக்கமான வீடுகளில் இருந்தபடியே மருந்து சாப்பிட்ட ஏழை நோயாளிகள், சானடோரியம் என்ற டி.பி. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர்களைப் போலவே குணமானார்கள். வீட்டில் இருந்ததால் குடும்பத்தாருக்கு அதிகமாகத் தொற்றவும் இல்லை. உலகமே டி.பி. நோயாளியை வீட்டில் வைத்து வைத்தியம் பார்க்கத் துணிந்தது அதற்குப் பிறகுதான். அந்த ஊரில் இருந்துகொண்டு நாம் ஒருவரை ஊருக்கு அனுப்பப் பார்த்தோம்.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருந்தது. எங்கள் ஆராதனை ஹால் ஒரு மாடி. சத்தம் அதிகம் என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள், அதில் நியாயமும் இருந்தது. அதற்காக ஜன்னல்களை மூடி ஏ.சி. போட்டுக்கொண்டோம். முழு இரவு ஜெபத்துக்கு அறுபது பேர், ஆறு மணி நேரம், மூடிய அறையில் வாய்விட்டுப் பாடுகிறோம். கண்டுபிடிக்கப்படாத டி.பி. இருக்கும் ஒருவர் அங்கே இருமினால் போதாதா? இப்போது ஜன்னல் எல்லாம் திறந்திருக்கிறது. மைக்கைக் குறைத்துவிட்டோம், ராத்திரி பத்து மணிக்கு மேல் மைக்கே கிடையாது. வாத்தியக்காரத் தம்பிகளுக்கு வருத்தம்தான். துறைமுக லாரிகளின் தூசி உள்ளே வருகிறது, துடைத்துக்கொள்கிறோம்.

சாட்சி நேரத்திலும் ஒரு வழக்கம் கொண்டுவந்தேன். சுகம் பெற்றதாகச் சொல்ல விரும்புகிறவர்கள் முதலில் என்னிடம் வரவேண்டும். டாக்டர் என்ன சொன்னார், மாத்திரை ஓடுகிறதா என்று கேட்பேன். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் விடாமல் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மனநோய்க்குச் சாப்பிடுகிறவர்கள் அசுத்த ஆவி போய்விட்டது என்று நிறுத்தி, வீடே சின்னாபின்னமானதை நான் பார்த்திருக்கிறேன். இன்சுலின் போடுகிறவர்கள் உபவாச ஜெபத்தில் பட்டினி இருக்க வேண்டாம், மோரோ கஞ்சியோ குடித்துவிட்டு ஜெபியுங்கள் என்று மேடையிலேயே சொல்கிறேன். இதெல்லாம் விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், அந்தப் பழியை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, எடை குறைவது, இதில் எது இருந்தாலும் பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். ஒருவருக்கு டி.பி. வந்தால் அந்த வீட்டில் இருக்கும் எல்லாரும், முக்கியமாகச் சின்னப் பிள்ளைகள், பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். மாத்திரையால் வாந்தி வந்தால் நீங்களாக நிறுத்தாமல் மருந்து கொடுக்கும் இடத்தில் சொல்லுங்கள், அவர்களிடம் அதற்கு வழி இருக்கிறது. உணவுக்கான உதவித்தொகை 2024 நவம்பரிலிருந்து மாதம் 1000 ரூபாய். சபைகளும் நிக்ஷய் மித்ராவாக, அதாவது டி.பி. நோயாளிகளுக்கு உதவும் அரசுத் திட்டத்தில் துணை நிற்பவர்களாகப் பதிந்து, நோயாளிகளுக்குச் சத்துணவு வாங்கித் தரலாம். நாங்கள் தடைக்கால இரண்டு மாதமும் காணிக்கையில் ஒரு பங்கை முட்டைக்கும் பயறுக்கும் ஒதுக்குகிறோம். யாருக்குப் போகிறது என்று அறிவிப்பதில்லை.

அந்தத் தம்பிக்கு வைத்தியம் 2021-ல் முடிந்தது. ஊரடங்கில் சபை மூடியிருந்தபோதும் ஒரு நாள் மாத்திரை தவறவில்லை. சளியில் கிருமி இல்லை என்ற ரிப்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் இரண்டாம் முறை சாட்சி சொன்னார். வாந்தி எடுத்ததையும், பயந்து மறைத்ததையும், தினமும் போன் செய்து கேட்ட சுகாதாரப் பணியாளர் அக்காவையும் சொன்னார். கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்றார். இந்தத் தடவை நான் முழு மனதோடு கைதட்டினேன்.

ஆராதனை முடிந்து எல்லாரும் இறங்கிப் போன பிறகு, கடைசி வரிசையில் உட்காரும் ஒரு பெண் படிக்கட்டில் அவரை நிறுத்தி, "அண்ணே, சளி குடுக்க எத்தனை மணிக்குப் போகணும்?" என்று மெதுவாகக் கேட்டார். "காலைல எழுந்ததும் எடுக்கணும்மா. எட்டு மணிக்கு வீட்டாண்ட வரேன், சேர்ந்தே போலாம்" என்றார் இவர்.